கடைக்கு முதல்முறையாகக் கணினி: எந்த ஸ்கேனர், எந்த பிரிண்டர்?

விருதுநகர் பலசரக்கு — மார்ச் 3, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். அப்பா நடத்திவந்த பலசரக்குக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பக்கம் சில்லறை, பின்பக்கம் மொத்த வியாபாரம். ஏறத்தாழ 1,800 வகைச் சரக்குகள். பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் எடைக்கு. சோப்பு, பிஸ்கட், தேயிலை பொட்டலமாக.

இன்றுவரை துண்டுச்சீட்டில்தான் எழுதுகிறோம். இரவு கடை சாத்திய பிறகு கணக்குப்பிள்ளை அதைப் பேரேட்டில் ஏற்றுவார். போன மாதம் ஒரு வியாபாரியின் பற்றில் 6,000 ரூபாய் குறைந்திருந்தது. சீட்டில் 7,000 என்று இருந்ததை 1,000 என்று படித்து ஏற்றிவிட்டார். நாற்பது ஆண்டுகள் எங்களோடு இருப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வை மங்கிவிட்டது. அதனால்தான் கணினிக்கு மாற முடிவெடுத்தேன்.

ஒரு விற்பனையாளர் மொத்தமாக விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்: இரண்டு கணினி, இரண்டு லேசர் ஸ்கேனர், 58 மில்லிமீட்டர் அகலச் சுருள் தாளில் சூட்டால் அச்சிடும் தெர்மல் பிரிண்டர் இரண்டு. எல்லாக் கடைக்கும் இதுதான், இதுவே போதும் என்கிறார். முன்பணம் கொடுக்கும் முன் உங்களிடம் கேட்கிறேன். எடைச் சரக்குக்கு ஸ்கேனர் எப்படி உதவும்? சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சீட்டைத் தமிழில் படித்துச் சரிபார்ப்பவர்கள். பில் தமிழில் வருமா? மொத்த வியாபாரத்துக்கும் அந்தச் சின்னச் சுருள் தாள் போதுமா?

---

திருகாணி — மார்ச் 3, காலை 9.15

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடைகளின் ஸ்கேனரையும் பிரிண்டரையும் பழுது பார்க்கிறேன். கடையைப் பார்க்காமல் கொடுக்கும் விலைப்புள்ளி, நாடி பார்க்காமல் எழுதும் மருந்துச்சீட்டு.

முதலில் ஸ்கேனர். லேசர் வகை கோடு கோடாக இருக்கும் பார்கோடை மட்டுமே படிக்கும். க்யூஆர் போன்ற சதுரக் குறியீடுகளைப் படிக்காது. கைப்பேசித் திரையில் காட்டும் குறியீடும் அதற்குத் தெரியாது. கேமராவைப் போலப் படம் பிடித்துப் படிக்கும் 2டி இமேஜர் வாங்குங்கள். கசங்கிய பிஸ்கட் உறையில் பாதி அழிந்த பார்கோடையும் பெரும்பாலும் அது பிடித்துவிடும். விலை சற்றுக் கூடும், ஆனால் பில் போடும் பெண் ஒரே பொட்டலத்தை நான்கு முறை திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டியிருக்காது.

இன்னொன்று. உங்கள் ஊர் வத்தல் ஊர். வத்தல் தூளும் மாவும் ஸ்கேனர் கண்ணாடியில் படலமாக ஒட்டும், கணினியின் விசிறியை அடைக்கும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருவதில் பல, மெல்லிய துணியால் துடைத்தவுடன் வேலை செய்கின்றன. தெர்மல் பிரிண்டரின் தலையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பில்லில் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடு விழுந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

---

கவுன்டர் எண் 4 — மார்ச் 3, பிற்பகல் 2.50

அண்ணாச்சி, நான் ஒரு பல்பொருள் அங்காடியில் ஒன்பது ஆண்டுகளாக பில் போடுகிறேன். விற்பவரும் வாங்குபவரும் பேசுகிறீர்கள். அந்த இயந்திரத்தோடு பத்து மணி நேரம் இருக்கப்போகிறவர் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

ஸ்கேனரைக் கையில் தூக்கித் தூக்கி அழுத்தினால் மாலைக்குள் மணிக்கட்டு வலி வந்துவிடும். தாங்கியில் நிறுத்திவைத்து, பொருள் எதிரே வந்தவுடன் தானே படிக்கும்படி அமையுங்கள். அரிசிமூட்டை, எண்ணெய் டின் போன்ற கனமானவற்றுக்கு மட்டும் கையில் எடுத்தால் போதும். அந்த 'பீப்' ஒலியைத் தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள். எங்கள் முதலாளி இரைச்சலாக இருக்கிறது என்று ஒருமுறை அணைக்கச் சொன்னார். பொருள் பதிவானதா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரே சோப்பு இரண்டு முறை ஏறியது, ஏறாமலும் போனது. இரண்டே நாளில் ஒலியைத் திரும்ப வைத்தார்கள். காதுக்கு வரும் அந்தச் செய்தி இருந்தால்தான் கண் அடுத்த பொருளுக்குப் போகும்.

விசைப்பலகையில் தனியான எண்பகுதி கட்டாயம் இருக்கட்டும். இடம் மிச்சமாகும் என்று சின்னக் கீபோர்டு வாங்கித் தராதீர்கள். எடைச் சரக்குக்கு நாங்கள் எண்தான் அடிக்கிறோம். துவரம்பருப்பு 45, உளுந்து 46 என்று விரலே பழகிவிடும்.

வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய சின்னத் திரை ஒன்று வையுங்கள். ஒவ்வொரு பொருளும் விலையும் அவர் கண்ணெதிரே ஏறினால், கடைசியில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும். இது என் அனுபவத்தில் கண்டது.

---

நிரல்மொழி — மார்ச் 3, இரவு 10.05

நல்ல கேள்விகள். எடைச் சரக்கு பற்றி முதலில்.

பார்கோடில் விலை இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பொருளின் அடையாள எண் மட்டும். விலையைக் கணினி தன் பட்டியலில் தேடி எடுக்கிறது. 13 இலக்கங்கள். 890 என்று தொடங்கினால் அந்த எண்ணை, பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா வழங்கியது என்று பொருள். பொருள் இந்தியாவில் தயாரானது என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படியில்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களை மாறிமாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுதான் 13ஆவது. ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கணக்கு ஒத்துவராது, ஸ்கேனர் அதை ஏற்காது. உங்கள் கணக்குப்பிள்ளையின் 7க்கும் 1க்கும் இப்படி ஒரு காவல் சீட்டில் இருக்கவில்லை.

2 என்று தொடங்கும் எண்கள் கடையின் உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. அதில் எடையையே பொதிந்துவிடலாம். 2100045012506 என்பதைப் பாருங்கள். 21 என்றால் எடைச் சரக்கு, 00045 துவரம்பருப்பு, 01250 என்றால் 1 கிலோ 250 கிராம், 6 சரிபார்ப்பு இலக்கம். தராசுப் பக்கத்தில் இருப்பவர் நிறுத்து ஒட்டுச்சீட்டு ஒட்டினால், பில் போடுபவர் ஸ்கேன் மட்டும் செய்வார். ஒரே எண்ணை இரண்டு பேர் இரண்டு முறை தட்டும் வேலை ஒழியும்.

பார்கோடு 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் டிராய் நகரில், மார்ஷ் அங்காடியில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மீதுதான் முதன்முதலாகக் கடை கவுன்டரில் படிக்கப்பட்டது. ஸ்கேனர் கண்டுபிடித்தது மட்டும் அந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. தயாரிப்பாளர்களே உறையில் எண்ணை அச்சடித்து அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தட்டச்சு வேலை கவுன்டரிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது. எனக்கு இது எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. உங்கள் கடையிலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: ஒவ்வொரு எண்ணும் முதன்முதலில் எங்கே பிறக்கிறது? உள்ளீட்டுக் கருவி அங்கே இருக்க வேண்டும். பருப்பின் எடை தராசில் பிறக்கிறது, கல்லாவில் பிறக்கவில்லை.

---

விருதுநகர் பலசரக்கு — மார்ச் 4, காலை 6.20

இந்தக் கடைசி வரியை இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் எடை தராசில் பார்க்கப்பட்டு, வாயால் சொல்லப்பட்டு, சீட்டில் எழுதப்பட்டு, பேரேட்டில் ஏறுகிறது. நான்கு கை. விற்பனையாளர் தந்த பட்டியலில் தராசைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருக்கும் மின்னணுத் தராசையே கணினியோடு இணைக்க முடியுமா?

---

திருகாணி — மார்ச் 4, காலை 8.55

தராசின் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட ஆர்எஸ்-232 இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேபிள் ஒன்றும், யுஎஸ்பிக்கு மாற்றும் சிறு கருவி ஒன்றும் போதும். இல்லாவிட்டால் நீங்களே திறந்து பொருத்த முயலாதீர்கள். எடையளவுத் துறையின் முத்திரை உடைந்தால் மறுமுத்திரை போட்ட பிறகுதான் அந்தத் தராசில் விற்கலாம்.

இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை. தட்டில் சரக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே தராசு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எடை நிலைபெற்ற பிறகு வரும் எண்ணை மட்டுமே மென்பொருள் எடுக்க வேண்டும். ஒரு கடையில் இதைக் கவனிக்காமல் விட்டு, ஒரு வாரம் எல்லாச் சரக்கும் சில கிராம் கூடிக் குறைந்து பதிவாகியிருந்தது.

---

வரிக்கணக்கு — மார்ச் 4, பகல் 11.30

நான் வரி ஆலோசகர். உள்ளீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை வெளியே வரும் தாளைப் பற்றி.

தெர்மல் தாளில் மை கிடையாது. நிறமற்ற சாயப்பொருளும் அதை நிறமாக்கும் அமிலப்பொருளும் தாளின் மேல் பூசப்பட்டிருக்கின்றன. சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கும். கறுத்தது நிலையானதும் இல்லை. வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எல்லாமே அதை வெளுக்கச் செய்யும். என் வாடிக்கையாளர் ஒருவர் மூன்று ஆண்டுக் கொள்முதல் பில்களைப் பளபளப்பான பிளாஸ்டிக் கோப்பில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஆய்வுக்கு எடுத்தபோது பாதி வெற்றுத்தாள். அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளையும் ஆவணங்களையும் பாதுகாக்க வேண்டும். சோப்பு வாங்கிப்போகும் சில்லறை வாடிக்கையாளருக்குத் தெர்மல் சீட்டு போதும். அவர் வீடு சேர்வதற்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. உங்களிடம் மொத்தமாக வாங்கி, அந்த பில்லைக் காட்டி, வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் கிராமத்துக் கடைக்காரருக்கு அதைக் கொடுக்கலாகாது. சரக்கு விற்பனைக்கு மூன்று படி வேண்டும்: வாங்குபவருக்கு மூலப்படி, வண்டியில் கொண்டுபோகிறவருக்கு இரண்டாவது, உங்களுக்கு மூன்றாவது. அதனால் மொத்தப் பிரிவுக்கு டாட் மேட்ரிக்ஸ் வாங்குங்கள். ஊசி நாடாவை அடித்து அச்சிடுவதால், கார்பன் பூச்சுள்ள மூன்று தாள்களில் ஒரே அடியில் எழுத்து விழும்.

---

நிரல்மொழி — மார்ச் 4, பிற்பகல் 1.10

ஐயா, தாள் வெளுப்பது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. டாட் மேட்ரிக்ஸ் பற்றி மாறுபடுகிறேன். சட்டம் மூன்று படி கேட்கிறது, ஒரே அடியில் மூன்று என்று கேட்கவில்லை. லேசர் பிரிண்டரில் ஒவ்வொன்றின் தலையிலும் உரிய குறிப்போடு மூன்று முறை அச்சிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பதிவு பெற்ற வணிகர்களுக்கு விற்கும்போது, 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல், அதாவது அரசின் இணையதளத்தில் பதிவான பில், கட்டாயம். அந்த பில்லில் இடம்பெறும் க்யூஆர் குறியீட்டில் இரு தரப்பின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை, 64 எழுத்துள்ள பதிவெண், அதன்மேல் மின்கையொப்பம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆகவே கட்டங்கள் மிக நெருக்கமாக இருக்கும். ஊசி அடித்து அச்சிடும் பிரிண்டரில் அவை ஒன்றோடொன்று ஈஷிக்கொள்ளும். அச்சாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அதிகாரியின் கைப்பேசி படிக்காது.

---

வரிக்கணக்கு — மார்ச் 4, பிற்பகல் 3.45

க்யூஆர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மின்-விலைப்பட்டியல் வரம்புக்குள் வருகிறவர் டாட் மேட்ரிக்ஸை நம்பக்கூடாது. தம்பி, உங்கள் விற்றுமுதல் எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம். உங்கள் ஆலோசகரிடம் கேட்டு, அதன் பிறகு பிரிண்டரை முடிவு செய்யுங்கள். வரம்புக்குள் வராவிட்டால் என் முதல் கருத்தில் மாற்றமில்லை.

---

திருகாணி — மார்ச் 4, மாலை 6.30

இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை. லேசர் பிரிண்டரைக் குடோன் வாசலில் வைக்காதீர்கள். பொடித்தூள் உள்ளே போனால் உருளையில் கீறல் விழும், ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் கறை வரும். மூடிய அறை இருந்தால் லேசர், தூசிக்கு நடுவே என்றால் டாட் மேட்ரிக்ஸ். பதினைந்து ஆண்டு பழைய டாட் மேட்ரிக்ஸ்கள் இன்னும் என் பட்டறைக்கு வருகின்றன, நாடா மாற்றியதும் ஓடுகின்றன. அந்த இயந்திரத்தின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவே இல்லை.

தமிழ் எழுத்து வேண்டும் என்றால் 24 ஊசி வகை. 9 ஊசியில் ணகரமும் றகரமும் தெளியாது.

---

விருதுநகர் பலசரக்கு — மார்ச் 5, காலை 6.30

மூடிய அறை இருக்கிறது. ஆலோசகரிடமும் பேசிவிட்டேன், லேசர்தான் எனக்குப் பொருந்தும் என்றார். தமிழ் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள். விற்பனையாளரிடம் கேட்டதற்கு, தெர்மல் பிரிண்டரில் தமிழ் வராது, ஆங்கிலத்திலேயே பழகிக்கொள்வார்கள் என்றார். எங்கள் வாடிக்கையாளர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலர். அவர்கள் ஏன் பழகிக்கொள்ள வேண்டும்?

---

நிரல்மொழி — மார்ச் 5, காலை 10.20

பழகிக்கொள்ள வேண்டியதே இல்லை. வராது என்றவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்கள் எப்சன் நிறுவனம் வகுத்த இஎஸ்சி-பிஓஎஸ் கட்டளைகளைப் பின்பற்றுகின்றன. எழுத்தின் எண்ணை அனுப்பினால் பிரிண்டர் தனக்குள் இருக்கும் எழுத்துருவை எடுத்து அச்சிடும். அந்த எழுத்துருத் தொகுப்பில் தமிழ் பொதுவாக இருப்பதில்லை. இருந்தாலும் போதாது. 'கொ' என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யுனிகோடு முதலில் ககரம், பிறகு ஒகரக்குறி என்று சேமிக்கிறது. தாளிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் அறிவு அந்தச் சிறு இயந்திரத்துக்கு இல்லை.

வழி எளியது. வரியைக் கணினியே எழுத்துருவோடு வரைந்து, புள்ளிப்படமாக அனுப்பட்டும். பிரிண்டருக்கு அது தமிழா, ஓவியமா என்று தெரிய வேண்டியதில்லை. சற்று மெதுவாக அச்சாகும், அவ்வளவுதான். ஆனால் 58 மில்லிமீட்டர் தாள் வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அதில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது 384 புள்ளி. 80 மில்லிமீட்டர் தாளில் 72 மில்லிமீட்டர், 576 புள்ளி. நம் எழுத்துகள் அகலமானவை. 384 புள்ளிக்குள் 'கடலைப்பருப்பு முதல்தரம்' என்று எழுதி, எடை, விலை, தொகை மூன்றையும் அடக்கினால் முதியவர்களால் படிக்க முடியாது. தமிழ் பில்லுக்கு 80தான்.

இன்னொரு சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணினிக்கு ஸ்கேனர் ஒரு விசைப்பலகை மாதிரிதான். படித்ததைத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்பி, முடிவில் என்டர் தட்டும். நீங்கள் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவிட்டு ஸ்கேன் செய்தால், குறியீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாக விழும். ஏ என்பது அ ஆகும், எச் என்பது க ஆகும். பொருள் கிடைக்கவில்லை என்று திரை சொல்லும், ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் சொந்தக் குறியீடுகளில் எண்கள் மட்டும் இருக்கட்டும்.

---

கவுன்டர் எண் 4 — மார்ச் 5, பிற்பகல் 3.00

அண்ணாச்சி, மறந்துவிட்டேன். விலை ஏறும்போது பழைய இருப்பும் புதிய இருப்பும் ஒரே பார்கோடில் வரும். சோப்பில் 38 என்று அச்சாகியிருக்கும், கணினி 40 கேட்கும். அச்சிட்டதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. ஸ்கேன் செய்தவுடன் இரண்டு விலையையும் காட்டி எது என்று கேட்கும் மென்பொருளாகப் பாருங்கள். அப்போது உறையைப் பார்த்துச் சொல்வது எங்கள் கண்தான்.

கட்டண ஒலிபெருக்கியும் ஒன்று. பணம் வந்தது என்று அது சொல்வது நல்லதுதான், ஆனால் எந்த பில்லுக்கு வந்தது என்று சொல்லாது. தொகையோடு சேர்ந்த க்யூஆரை வாடிக்கையாளர் திரையில் பில்லுக்கு பில் காட்டினால், அவரும் தொகை அடிக்க வேண்டாம், நாங்களும் சரிபார்க்க வேண்டாம்.

---

வரிக்கணக்கு — மார்ச் 5, இரவு 8.15

1,800 சரக்குகளையும் முதன்முதலில் ஏற்றும்போது ஒருவர் தட்டச்சு செய்வதைப் பட்டியலோடு இன்னொருவர் ஒப்பிடட்டும். அட்டையில் துளையிட்டுக் கணினிக்குத் தகவல் கொடுத்த துளையட்டைக் காலத்தில் ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் மறுபடி அடித்துப் பார்ப்பார். மாறுபட்டால் இயந்திரம் நின்றுவிடும். இன்று அந்த வழக்கம் போய்விட்டது. முதல் ஏற்றத்தில் தவறாக ஏறும் ஒரு விலை பல மாதம் எல்லா பில்லிலும் சரியாக அச்சாகிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒப்பிடும் வேலைக்கு உங்கள் கணக்குப்பிள்ளையை உட்காரவையுங்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். சரக்கும் விலையும் அவர் மனத்தில் இருக்கின்றன.

---

விருதுநகர் பலசரக்கு — மே 11, காலை 6.50

அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்.

பழைய விலைப்புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில்லறைக்கு இமேஜர் ஸ்கேனர் ஒன்று தாங்கியோடு, 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர், வாடிக்கையாளர் திரை. மொத்தப் பிரிவுக்கு மூடிய அறையில் லேசர். தராசுப் பக்கத்தில் ஒட்டுச்சீட்டு பிரிண்டர். திருகாணி அண்ணன் தொலைபேசியில் சொன்னபடி, சூட்டில் கறுக்கும் வகையைத் தவிர்த்து நாடா வைத்து அச்சிடும் வகையை வாங்கினேன். எண்ணெய்ப் பக்கத்தில் இருந்தும் எழுத்து அழியவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா பன்னிரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டார். 31 விலைத்தவறுகளைக் கண்டுபிடித்தார். அதில் ஒன்பது நான் தட்டியவை. முதல் தமிழ் பில்லை வாங்கிய பாட்டி ஒருவர் கல்லா முன்னேயே நின்று வரி வரியாக வாசித்தார். மல்லிக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டார். ஆங்கிலச் சீட்டாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஒன்று மட்டும் மீதி. பெரிய தராசில் ஆர்எஸ்-232 இல்லை. அதில் நிறுக்கும் மூட்டைகளுக்கு இன்னும் எடையைக் கையால்தான் அடிக்கிறோம். புதிய தராசே வாங்கிவிடலாமா?

---

திருகாணி — மே 11, காலை 9.30

அவசரம் வேண்டாம் தம்பி. அடுத்த முத்திரைக்கு எந்தத் தேதியில் கொண்டுபோக வேண்டும் என்று சான்றிதழில் பாருங்கள். எப்படியும் அன்று தராசு கடையை விட்டுப் போகும். அதற்கு முன்பாகவே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இணைப்பைப் பொருத்தச் சொல்லுங்கள், முத்திரை ஒரே செலவில் முடிந்துவிடும். அதுவரை மூட்டை எடையை ஒருவர் அடித்து, இன்னொருவர் உரக்கப் படித்துச் சொல்லட்டும். தராசின் மாடல் எண்ணை எனக்கு அனுப்புங்கள்; அதற்கான இணைப்புப் பலகை கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.